‘வந்திருந்தேன்’ படுத்தும் பாடு

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தை தாய்மொழியைப் பிடித்துக்கொள்வது போல் கேட்டுக் கேட்டே ஆங்கிலமும் வந்துவிடும், இலக்கண வகுப்பே தேவையில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் அடித்துச் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

அவருடைய எரிச்சல் புரிகிறது. விதியை மனப்பாடம் செய்து வாக்கியங்களை மொழிபெயர்க்கும் பழைய முறை, லத்தீனையும் பழைய கிரேக்கத்தையும் வாசிப்பதற்காக இருந்த முறை. பேச ஆளில்லாத மொழிக்கு அது சரி. அதையே ஆங்கிலத்துக்கும் மாட்டிவிட்டதால்தான், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று என்றால் நூறு வாக்கியங்களை மளமளவென்று மாற்றுகிறவர்கள், பர்ஸ் திருடுபோன அன்று வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறார்கள். எடுத்தவன் யாரென்று தெரியாதபோதுதானே ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ கைகொடுக்கும்? மாற்றக் கற்றுக்கொடுத்தோம், எப்போது மாற்றுவது என்று சொல்லவே இல்லை. அப்புறம் 1950களில், ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை பரவியது. கிளிக்கு எது வருமோ அதுதான் வந்தது.

ஆனால் ‘கேட்டாலே போதும்’ என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கனடாவில் 1965-இல் தொடங்கி, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தினார்கள். வருடக்கணக்கில் கேட்ட அந்தப் பிள்ளைகள், புரிந்துகொள்வதில் பிரெஞ்சு பேசும் வீட்டுப் பிள்ளைகளை நெருங்கிவிட்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் இலக்கணப் பிழைகள் அப்படியே தங்கிவிட்டன. தென்னிந்தியப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ்.பிரபு நடத்திய சோதனையில், இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து, யோசித்துப் பதில் சொல்ல வைத்தார்கள். பிறகு மதிப்பிட்டபோது, இந்தப் பிள்ளைகளும் சரி, பழைய முறையில் படித்தவர்களும் சரி, அவரவருக்குப் பழகிய மாதிரியான தேர்வில் நன்றாகச் செய்தார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பப் பழகினால் அதுதான் வரும், அவ்வளவுதான்.

கேட்டுக் கேட்டும் ஏன் சில பிழைகள் போவதில்லை? என் வகுப்பில் அடிக்கடி பார்ப்பது இது. தமிழில் ‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்போம். அந்த ‘இருந்தேன்’ அப்படியே போய் ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே’ ஆகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வந்தால், அதற்குப் பின் நடந்த இன்னொன்றை இவர் சொல்லப்போகிறார் என்று கேட்பவர் காத்திருப்பார். இவரோ அத்தோடு நிறுத்திவிடுவார். ஆனாலும் விஷயம் புரிந்துவிடுகிறதே! புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை, பத்து வருடம் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவர்கூட ‘ஹேட் கம்’ என்றுதான் வந்து நிற்கிறார்.

இதற்கு நான் செய்வது டிக்டோகிளாஸ் என்கிற பயிற்சி. நான்கு வரிக் கதை ஒன்றை இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசிப்பேன், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நினைவிலிருந்து அதைத் திரும்ப எழுத வேண்டும். எழுதும்போது சண்டை வரும், வர வேண்டும். போன மாதம் ஒரு ஜோடி ‘கேம்’ என்றா வாசித்தேன் ‘ஹேட் கம்’ என்றா என்று பத்து நிமிடம் மல்லுக்கட்டியது. கடைசியில் மூலத்தைப் போர்டில் எழுதினேன். ‘ஹேட்’ எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அவர்களே எழுந்து வந்து விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் விதியைச் சொன்னேன், இரண்டே நிமிடம், அதுவும் தமிழில். (ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) அதே விதியை முதல் நாளே சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இதற்கும் மசியாத ஒன்று இருக்கிறது: ‘ஷி கோஸ்’ என்பதில் கடைசியில் வரும் அந்த ‘எஸ்’. போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது என்று ஆளுக்கொரு விகுதி போடுகிற நம்மிடம் ஆங்கிலம் கேட்பது ஒரே ஓர் எழுத்தை, அது வாயில் நிற்பதில்லை. 1974-இல் டூலே, பர்ட் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் ஸ்பானிஷ், சீன மொழி பேசும் குழந்தைகளிடம் பார்த்தபோதும் அது தாமதமாகத்தான் வந்தது. விதி எல்லோருக்கும் தெரியும், தேர்வில் சரியாகவே போடுகிறார்கள், பேச்சில் வர நாளாகிறது. அதற்கு நான் சிவப்பு மையை எடுப்பதில்லை. இந்த ஓர் இடத்தை மட்டும் தங்கள் வாசகருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்