லடாக்கில் எல்லாமே இமயமலை அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த லடாக் பயணக் கட்டுரை சுவாரசியமாக இருந்தது. ஆனால் லே நகரைச் சுற்றித் தெரியும் மலைகளை எல்லாம் 'இமயமலை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். லேவுக்கு வடக்கே நிற்பது லடாக் மலைத்தொடர். தெற்கே, சிந்து நதிக்கு அக்கரையில் ஸ்டோக் மலைகள். அவற்றுக்கும் பின்னால் சன்ஸ்கார் தொடர். கர்துங்லா கணவாயைக் கடந்து நூப்ரா பள்ளத்தாக்கில் இறங்கினால் எதிரே எழுவது காரகோரம். 7,672 மீட்டர் உயர சாசர் காங்ரி சிகரம் அந்தத் தொடரில்தான் இருக்கிறது.

கர்துங்லா 18,380 அடி, உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கிருந்த பழைய பலகை அப்படித்தான் சொன்னது (அதன் முன் நின்று படம் எடுக்காதவர் யார்!). ஜிபிஎஸ் அளவீட்டில் அது ஏறத்தாழ 17,582 அடிதான். பிறகு உம்லிங்லாவில் 19,024 அடி உயரத்தில் சாலை வந்துவிட்டது.

இவையெல்லாம் போகட்டும். 6,153 மீட்டர் உயர ஸ்டோக் காங்ரியைப் 'புதியவர்களுக்கு ஏற்ற சிகரம்' என்று பரிந்துரைத்திருப்பதுதான் கவலை தருகிறது. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பெய்யும் பூமி அது. ஸ்டோக் கிராமத்துக்கு அந்த மலையின் பனி உருகி வரும் நீர்தான் குடிக்கவும் பாசனத்துக்கும். கூட்டமும் குப்பையும் பெருகியதால் 2020-இல் அங்கு மலையேற்றம் நிறுத்தப்பட்டது. லேயில் விசாரிக்காமல் யாரும் கிளம்பிவிடாதபடி, வரும் ஞாயிறன்றே ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– வாசகர், ஈரோடு