முள் காட்டியதை எழுதியவனா அலட்சியக்காரன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரசாயனத் தொழிற்சாலைகளில் வெப்பப் பரிமாற்றம் பற்றிய அண்மைய ஆய்வுகளைக் குறித்துச் சென்ற ஞாயிறு மலரில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் மொழியில் இப்படியொன்று வருவது அபூர்வம் என்பதால் முதல் முறை ஆசையோடு படித்தேன். மூன்றாம் பத்தியில் கண்ட வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டாம் முறை படிக்க நேர்ந்தது. "செம்பனை ஆலைகளில் வெப்பப் பரிமாற்றம் குன்றுவதற்குக் கடைநிலை ஊழியர்களின் அலட்சியமே முதற்காரணம்" என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலுள்ள படத்தின் அடியிலோ "புகை கக்கும் ஆலை" என்ற வாசகம். படத்தில் இருப்பது புகையன்று. எண்ணெய் எடுப்பதற்குமுன் செம்பனைப் பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலமான ஸ்டெரிலைசரைத் திறந்துவிட்டபோது வெளிவந்த நீராவி குளிர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆவியையும் புகையையும் பிரித்தறியாத பக்கத்தில் எங்கள் அலட்சியத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறீர்கள்.

நான் 31 ஆண்டுகள் செம்பனை ஆலையின் கொதிகலனை இயக்கும் பாய்லர் டிரைவராக இருந்தவன். தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் ஸ்டெரிலைசரில் நடப்பதைச் சொல்ல அனுமதியுங்கள். பழக்குலைகளை உள்ளே தள்ளிக் கதவை அடைத்து ஆவியைச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றினால், ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைக்க வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் கிடைக்காது. அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்று பிடித்துக்கொள்வதால், அழுத்தமானியின் முள் 40ஐக் காட்டினாலும் வெப்பம் குறைந்தே நிற்கும். போதாக்குறைக்கு, அந்தக் காற்று குலையைச் சுற்றிப் போர்வைபோல் படிந்து, ஆவி பழத்தின்மீது நீராகிக் குளிர்ந்து தன் வெப்பத்தைக் கொடுப்பதைத் தடுக்கிறது. அதனால்தான் இரண்டு முறை ஆவியை ஏற்றி இறக்கிக் காற்றை விரட்டிவிட்டு, மூன்றாம் முறை நிறுத்தி வேகவைக்கிறோம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர் பள்ளிப் பக்கமே போகாதவர். வெளியேறும் ஆவியின் சத்தம் மாறுவதைக் கேட்டே "காத்து போயிருச்சுடா" என்பார். தங்கள் கட்டுரையாளரின் கணக்கில் அவரும் கடைநிலை ஊழியர்தான்.

இனி அலட்சியத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்தைய காய்ப்புப் பருவம். குலை லாரிகள் வாசல் வரை நிற்கின்றன. புகைபோக்கி வெப்பமானி வழக்கமாக 270 பாகையில் நிற்கும். அது மூன்று வாரத்தில் 330ஐத் தொட்டது. பாய்லர் குழாய்க்கு உள்ளே ஓடும் நீருக்குப் போகவேண்டிய வெப்பம் அங்கே போகாமல் வானத்துக்குப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? பதிவேட்டில் மலாய் மொழியில் எழுதினேன், பிறகு நேரிலும் சொன்னேன். பருவம் முடியட்டும் என்று பதில் வந்தது. பருவம் முடிவதற்குள் குழாய் வெடித்தது. நல்லவேளையாக ஆள்சேதம் இல்லை. விசாரணை அறிக்கையில் காரணம் "டிரைவரின் கவனக்குறைவு" என்றிருந்தது. அந்த ஆலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

வெட்டியெடுத்த குழாயின் ஒரு சாண் துண்டு இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. உட்சுவரில் முட்டை ஓடுகளை அடுக்கியதுபோல் வெளிர்சாம்பல் படிவம். பென்சிலால் தட்டினால் செதிலாக உதிரும். எஃகின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 50 வாட். சுண்ணாம்புப் படிவத்துக்கு ஒன்றிரண்டு வாட்தான். உள்ளே இருக்கும் நீர் 210 பாகையில் கொதித்தாலும், நடுவில் இந்த ஓடு குறுக்கிட்டால் குழாயின் சுவர் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறி, இளகி, வீங்கி வெடிக்கும். தொழில்வள நாடுகளின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ கால் விழுக்காடு இத்தகைய படிவத்தால் வீணாகிறது என்ற மதிப்பீட்டை ஆய்வாளர்கள் நெடுநாளாக எடுத்தாள்கிறார்கள். பாய்லரை நிறுத்திக் கழுவ இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளைத் தர மறுப்பவர் எந்த நிலை ஊழியர் என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

மாறாக, வெப்பத்தை நன்றாகக் கடத்தட்டும் என்று மிக நுண்ணிய துகள்களைக் கலந்த நானோ திரவங்களுக்கு அரைப்பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் சோய் என்பவர் அந்தப் பெயரைச் சூட்டினார் என்பது சரி. ஆனால் 2009இல் வெளியான கூட்டாய்வில், முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை அளந்து பார்த்தபோது, பழைய கோட்பாடு சொல்லும் அளவுக்கு மேல் அதிசயம் எதுவும் காணப்படவில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா? ஜொகூரின் சுகூடாயில் இரசாயனப் பொறியியல் படித்த என் மகள் அந்த ஆய்வுரையை அச்செடுத்துக் கொடுத்ததால் எனக்குத் தெரிந்தது. தங்களுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில் 1998 செப்டம்பர் 25 அன்று நடந்ததும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். எரிவாயு ஆலையில் சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், வெப்பப் பரிமாற்றக் கலம் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்துவிட்டது. அதில் மறுபடி சூடான எண்ணெய் பாய்ந்தபோது எஃகு கண்ணாடிபோல் உடைந்தது. இருவர் மாண்டார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஆலையை நடத்திய எஸ்ஸோ நிறுவனம், அதை இயக்கிய தொழிலாளர்மீது கைகாட்டியது. மறு ஆண்டு அறிக்கை அளித்த அரச ஆணையமோ, தொழிலாளர்களுக்கு உரிய பயிற்சி அளிக்காத நிறுவனத்தின்மீதே குற்றத்தைச் சுமத்தியது. நான் விசாரணைக்கு நின்ற அறையில் அப்படியோர் ஆணையம் வந்து உட்காரவில்லை.

ஸ்டீம் டிரைவர் தேர்வு எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு பத்தி எளிய தமிழில் வெளியிடுங்கள் என்று முன்பு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும், இரண்டுமே வரவில்லை. அதே மாதங்களில் கோயில் பந்தலின் நிறத்தைப் பற்றிய கடிதங்களுக்கு மூன்று வாரம் இடம் கிடைத்ததைப் பார்த்து மகிழ்ந்தேன்.

இப்போது அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மலரில், எந்த மூலையிலாவது, படத்தில் இருப்பது புகையன்று, நீராவி என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். மூன்றாம் பத்தியைப் பற்றி இன்னொரு வரிக்கு இடமிருந்தால் தங்கள் விருப்பம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பாய்லர் டிரைவர்,
பெஸ்தாரி ஜெயா (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்), சிலாங்கூர்.