பொக்லைனைக் கொஞ்சம் நிறுத்தி வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பழைய வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது. நீ அனுப்பிய படங்களில் வீட்டைவிட, அதைச் சுற்றி மண்டிக் கிடக்கும் தோட்டத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். "ஒரே புதர். பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செடி வைக்கப்போகிறேன்" என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். வேண்டாம், தம்பி. ஆளுக்குச் சொல்லிவிட்டாய் என்றால் தேதியைத் தள்ளிப்போடு. முதலில் பிள்ளைகள் இருவரையும் உள்ளே விடு. கையில் பழைய செய்தித்தாளும் ஒரு கத்தரிக்கோலும் கொடுத்துவிடு.

கைவேலை என்றால் விடுமுறையில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்கும் உபாயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் இலையைத் தன் கையால் உலர்த்தி, அச்செடுத்து, ஒட்டிவைத்த பிள்ளைக்கு அந்த இலை எந்தச் செடியுடையது, அந்தச் செடி எந்த மூலையில் நிற்கிறது என்பது மறக்காது. உன் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று இன்று உனக்குத் தெரியாது; விற்றவர்களுக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் நிழலுக்கு இது, வாசனைக்கு அது என்று யோசித்துத்தான் நட்டிருக்கிறார். அந்த யோசனை இன்னும் அந்தப் புதருக்குள் இருக்கிறது. அதைத் தேடி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடு என்கிறேன்.

முதல் வேலை இலை உலர்த்துவது. கண்ணில் படும் ஒவ்வொரு வகையிலும் ஒரு சிறு கிளை. பூவோ காயோ இருந்தால் அதோடு சேர்த்து. இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே இலைகள் மடங்காமல் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றினால்தான் பூஞ்சை பிடிக்காது. மெல்லிய இலைகள் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். சதைப்பற்றுள்ளவை இன்னும் பல நாட்கள் எடுத்துக்கொள்ளும். காய்ந்ததைக் கெட்டித் தாளில் ஒட்டச் சொல். நோட்டுப் புத்தகத்தில் ஒட்ட வேண்டாம், தனித்தனித் தாளாகவே இருக்கட்டும். 18ஆம் நூற்றாண்டில் தான் அறிந்த செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி வகைப்படுத்திய லின்னேயஸ், தன் சேகரிப்பைப் புத்தகமாகக் கட்டாமல் உதிரித் தாள்களாகவே அலமாரியில் வைத்திருந்தார். அப்போதுதான் வேண்டியபடி மாற்றி அடுக்க முடியும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் எடுத்த தேதி, எடுத்த இடம், செடியின் உயரம், பூவின் நிறம், கசக்கினால் வரும் வாசனை எல்லாவற்றையும் எழுத வேண்டும். காய்ந்த பின் நிறமும் வாசனையும் போய்விடும். எழுதி வைத்ததுதான் மிஞ்சும். பெயர் தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். போதுமான தாள்கள் சேர்ந்ததும் கூடத்துத் தரையில் பரப்பச் சொல். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து இலைகள் ஒரு மூலையில், பின்சுவர் ஓரத்து இலைகள் இன்னொரு மூலையில் என்று வைத்தால் அதுவே தோட்டத்தின் வரைபடம். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதை அந்தத் தரையில் உட்கார்ந்து நால்வரும் பேசி முடிவெடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். பார்த்தீனியம் தோலில் அரிப்பைக் கிளப்பும். இந்த மூன்றையும் முதல் நாளே பிள்ளைகளுக்குத் தூரத்திலிருந்து காட்டிவிடு. அவற்றை உலர்த்த வேண்டுமானால் கையுறை போட்டுக்கொண்டு நீயே பறி. பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடு.

படங்களில் இன்னொன்றையும் பார்த்தேன். பின்சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று. பறவை எச்சத்தோடு விழுந்த விதை அப்படித்தான் சுவரில் முளைக்கும். இப்போது பார்க்க அழகாக இருக்கும். வேர் பருத்தால் சுவரைப் பிளந்துவிடும். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆகவே பூச்சைக் கொஞ்சம் உடைத்தாவது வேரை முழுதாக எடுத்துவிட்டு, விரிசலை அடைக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் போலவே நான் தயங்காமல் எடுக்கச் சொல்வது இதையும்தான். ஆனால் எடுக்கும் முன் அதன் முற்றிய இலைகளைப் பறித்துப் பிள்ளைகளிடம் கொடு, ஏனென்றால் நரம்பு இலை செய்ய அரச இலையைப் போல ஒத்துவரும் இலை குறைவு.

அதைச் செய்வது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த வேலை அது. இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். சில வாரங்களில் தண்ணீர் கலங்கி நாற்றமெடுக்கும்; வாளியை வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. நுண்ணுயிர்கள் இலையின் மெல்லிய சதையைத் தின்றுவிடும். நரம்புகள் மரத்தன்மை உள்ளவை, அதனால் அவ்வளவு சீக்கிரம் அழுகாது. இலையை எடுத்துத் தட்டையான தட்டில் தண்ணீருக்குள்ளேயே வைத்து, பழைய பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தட்ட வேண்டும். தேய்த்தால் கிழிந்துவிடும். பச்சைத் தோல் கூழாகக் கழன்று வர, அதற்கடியில் சல்லடைபோல் பின்னல் தெரியத் தொடங்கும். பெரிய நரம்பிலிருந்து சிறியது, அதிலிருந்து இன்னும் சிறியது, கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கட்டங்கள். அலசி, இரு தாள்களுக்கு நடுவே உலர்த்தி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டலாம். வாழ்த்து அட்டை செய்யலாம்.

நரம்பைப் பார்க்கப் பழகிய கண் தோட்டத்திலும் உதவும். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இடைப்பட்ட பரப்பு மஞ்சளாக வெளுத்த இளம் இலைகளைச் சுவர் ஓரத்துச் செடிகளில் காணலாம். பழைய வீடுகளில் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சு காலங்காலமாக மண்ணில் கலந்து காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. உரத்தைக் கொட்டுவதால் மட்டும் அது சரியாகாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலப்பதும் முன்பு சாதாரணம். செதில் செதிலாக உதிர்ந்த வர்ணம் சுவரை ஒட்டிய மண்ணில்தான் அதிகம் சேரும். கீரை, கிழங்கு போன்றவற்றைச் சுவருக்கு அருகில் போடாதே. மண்ணில் விளையாடிய பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

செத்துவிட்டது என்று நீ நினைக்கும் செடிகளுக்கு வருகிறேன். ஒரு குச்சியில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போய்க் கீறு. பல செடிகளில் நுனி செத்து, அடி உயிரோடு இருக்கும். சின்னவன் நகத்தோடு போய் எல்லாச் செடியையும் கீறிப் பார்க்கட்டும். உயிருள்ளதற்கு ஒரு பச்சை நூல், இல்லாததற்கு ஒரு சிவப்பு நூல் கட்டச் சொல். கட்டுவதற்கான நூலைக் கூட அவர்களே சாயம் தோய்த்துக்கொள்ளலாம்.

கவாத்து செய்யும்போது ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடாதே. பழைய செடியில் ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. முதலில் செத்த கிளை, பிறகு நோயுற்றது, பிறகு ஒன்றோடொன்று உரசுவது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு மோதிரம்போலப் புடைப்பு இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே தடுப்பு எழுப்பிக்கொள்கிறது என்று காட்டினார். அந்தப் புடைப்பை வெட்டிவிட்டால் அந்தத் தடுப்பு பலவீனமாகும். வெட்டுவாயில் தாரோ வர்ணமோ பூச வேண்டியதில்லை.

கத்தியை எடுக்கும் முன் ஒரு காப்பு செய்துகொள். விட்டுவிட மனமில்லாத பழைய கொடி, செடி ஒவ்வொன்றிலிருந்தும் சில போத்துகளை, அதாவது நறுக்கிய கிளைத் துண்டுகளை, தொட்டியில் நட்டுவை. தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துப் பதியன் போடு. தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் அதே செடி உன்னிடம் இருக்கும். தொட்டியில் குத்தும் பெயர்க் குச்சிகளைப் பிள்ளைகளே செதுக்கி எழுதட்டும்.

பொக்லைனை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் மண்ணுக்குள்ளும் இருக்கிறது. மரத்துக்கு உணவு எடுத்துத் தரும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கும், அதுவும் கிளைகளின் நிழலைத் தாண்டி. கனமான இயந்திரம் ஏறி இறங்கினால் மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காது. மரம் அன்றே சாகாது. சில ஆண்டுகள் கழித்து ஏன் பட்டுப்போகிறது என்று நீ தவிப்பாய். களையும் தீராது. 1879இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 புட்டிகளில் விதைகளைப் புதைத்து வைத்தார். 2021இல் எடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன, 142 ஆண்டுகளுக்குப் பிறகு. உன் மண்ணிலும் அப்படி எத்தனையோ விதைகள் உறங்கிக்கொண்டிருக்கும். பல களை விதைகளுக்கு வெளிச்சம் பட்டால் போதும், எழுந்துவிடும். ஆழமாகக் கிளறுவது அவற்றை அழைப்பதற்குச் சமம். களையைத் தரைமட்டத்தில் அறுத்து, மேலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடு. மரத்தண்டை மட்டும் தொடாமல் விட்டுவிடு. அறுத்த தழையை ஒரு மூலையில் குவித்தால் மட்கு உரம்.

இனி வண்ணம். சங்குப்பூ இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலத்தைத் தாளில் பூசிக் காயவிடு. எலுமிச்சைச் சாற்றில் தூரிகையைத் தோய்த்து அதன்மேல் வரைந்தால் கோடு ஊதாவும் இளஞ்சிவப்புமாக எழும். சோடா உப்புக் கரைசலில் தொட்டால் பச்சை. வெளிச்சத்தில் இந்த நிறங்கள் மங்கிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யட்டும். தேக்கு நின்றால் அதன் இளந்தளிரை உள்ளங்கையில் கசக்கச் சொல், கை சிவந்துவிடும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மேலானது நீல அச்சு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை அது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி அந்த முறையில் கடற்பாசிகளை அச்செடுத்துப் புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசல்களைக் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். கலப்பதும் பூசுவதும் பெரியவர் வேலை, கையுறையோடு. காய்ந்த தாள் மஞ்சள் பச்சையாக இருக்கும். அதன்மேல் ஒரு பெரணி இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெயில் படும் இடம் கொஞ்சங்கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறும். பிறகு தண்ணீரில் அலசு. மஞ்சள் கரைந்து ஓட, நீலத்தின் நடுவே இலை வெள்ளையாக நிற்கும். காயக் காய அந்த நீலம் இன்னும் ஆழமாகும். தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அச்செடுத்து, வீட்டின் வெற்றுச் சுவர்களில் மாட்டுங்கள். புதிய படங்கள் வாங்க வேண்டியதில்லை.

இப்படியே ஒரு முழு வருடம் போகட்டும். மண்ணுக்குள் கிழங்காகக் கிடப்பவை எல்லாம் தம் பருவத்தில் தலைகாட்டும். எந்த மூலையில் எந்த மாதம் எவ்வளவு வெயில் என்பதை மூத்தவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், அடுத்த வருடம் புதுச்செடி எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதன் பிறகும் இயந்திரம் தேவை என்று தோன்றினால், இடிபாடு குவிந்த அந்த முன்மூலையில் மட்டும் விடு, மரங்களுக்கு அருகே வேண்டாம்.

நீல அச்சுக்கான உப்புகளையும் கையுறைகளையும் நான் வாங்கி அனுப்புகிறேன். சின்னவன் கை அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. பின்சுவர் அரசை மட்டும் இந்த வாரமே கவனித்துவிடு, இலைகளை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா