ஆஸ்திரேலியக் கூகையும் அந்தப் பறவை ஆர்வலரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திகள் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் அரிய வகை வெளிநாட்டு ஆந்தை மீட்கப்பட்டதாகப் படத்தோடு செய்தி வந்திருந்தது. 'இது ஆஸ்திரேலியாவிலிருந்து வழி தவறி வந்திருக்கலாம் எனப் பறவை ஆர்வலர்கள் தெரிவித்தனர்' என்று அதில் ஒரு வரி. எங்கள் ஊரில் பைனாகுலரும் கையுமாகத் திரிகிற ஆட்கள் மூன்றே பேர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நான், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி. மூவரில் யாரும் யாரிடமும் எதையும் தெரிவிக்கவில்லை. அப்படியென்றால் தெரிவித்த ஆர்வலர் யார்? தயவுசெய்து அறிமுகப்படுத்தி வையுங்கள். எங்களுக்கும் ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.

படத்தில் இருப்பது கூகை. இதய வடிவத்தில் வெள்ளை முகம், பொன்னும் சாம்பலும் கலந்த முதுகு, கறுத்த கண். நாட்டின் பெரும்பகுதியில் இருக்கிற பறவை. சங்கப் பாட்டில் குழறுகிற பறவை. சாக்குருவி என்று பாட்டிமார் கரித்துக்கொட்டுகிற பறவை. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. தங்கள் வேளாண்மைப் பக்கத்திலேயே, வயலில் எலித் தொல்லை குறைய ஆந்தை வந்து உட்காருவதற்குக் குச்சி நட்டு வையுங்கள் என்று குறுவைக்கும் தாளடிக்கும் தவறாமல் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பார்கள். அதில் உட்கார ஆஸ்திரேலியாவிலிருந்துதான் ஆள் வர வேண்டுமா?

அந்தக் கோயிலின் மடப்பள்ளிக்குப் பின்னால் பாழடைந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் தரையில் கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். ஒரு உருண்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குச்சியால் மெதுவாகப் பிரித்தால், எலியின் மண்டையோடு மஞ்சளேறிய முன்பற்களோடு அப்படியே கைக்கு வரும். மருந்துக்கடை நண்பர் இவற்றைக் கழுவிக் காயவைத்து, குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி அடுக்கியிருக்கிறார். வருகிறவர்கள் அது ஏதோ லேகியச் சரக்கு என்று விலை கேட்கிறார்கள். ஆக, கூகைக் குடும்பம் அங்கே குடியிருப்பது எங்களுக்குப் பழைய செய்தி.

குஞ்சு பறக்கப் பழகுகிற பருவத்தில் கீழே விழும். பகலில் வெளியே தெரிந்தால் காக்கைகள் சும்மா விடாது. பொழுது சாயும்வரை கூடையைக் கவிழ்த்து மூடிவைத்து, இருட்டியதும் மண்டபத்து மேலே விட்டிருந்தால் தாய் பார்த்துக்கொண்டிருக்கும். காலில் நூலைக் கட்டி, வரிசையாக நின்று செல்ஃபி எடுத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, கடைசியில் 'அடர்ந்த வனப்பகுதியில் பத்திரமாக விடப்பட்டது' என்று முடித்துவிட்டீர்கள். திருவாரூர் மாவட்டத்தில் அடர்ந்த வனப்பகுதி எது ஐயா? முத்துப்பேட்டை அலையாத்திக் காடா? அந்த உப்புச் சேற்றில் கோயில் கூகைக்கு என்ன வேலை?

செய்தி வந்த மறுநாளே இரண்டு பேர் பைக்கில் வந்து, அந்த ஆந்தைக்கு ஜோடி இருக்கிறதா, என்ன எடை இருக்கும் என்று கோயில் காவலாளியிடம் விசாரித்திருக்கிறார்கள். அரியது, வெளிநாடு என்று அச்சில் வந்துவிட்டால் விலை ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணுளிப் பாம்பு விஷயத்தில் பார்த்தோமே. விஷம் கிடையாது, மண்ணுக்குள் கிடந்து எலி தின்னும் சாது. வால் மழுங்கி இன்னொரு தலை மாதிரி தெரியும், அவ்வளவுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். பிடித்தவர்கள் கைதான செய்தியில்கூட 'பல லட்சம் மதிப்புள்ள' என்று சேர்த்துப் போடுகிறீர்கள். படித்தவன் கடப்பாரையோடு வயலுக்குக் கிளம்புகிறான்.

இதே ஏட்டில் ஐப்பசி பிறந்தால் ஒரு செய்தி வரும். எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வடுவூருக்கும் சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்துவிட்டன என்று. இரண்டுமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடங்கள், செய்தி வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே போடுகிற படம் நத்தைக்குத்தி நாரை! மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே சந்து தெரியுமே, அது. குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். நம் வயலில் நத்தை பொறுக்கி, நம் மரத்தில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து வாழ்கிற பறவை அது. தண்ணீர் வற்றினால் வேறு ஏரிக்குப் போகும், சைபீரியாவுக்குப் போகாது. நிஜமாகவே வடக்கே தொலைதூரத்திலிருந்து வருகிற நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அதே வடுவூர் ஏரியில் நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அவை கரைக்கு வந்து போஸ் கொடுக்காததால் உங்கள் பக்கத்தில் இடமில்லை போலும்.

இதைப் பற்றி முன்பே ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. இரண்டு பக்கம் எழுதியதை 'பறவைகளைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமை' என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருக்கி, கீழே என் பெயரைப் போட்டிருந்தீர்கள். அந்த வாக்கியம் என் கடிதத்திலேயே இல்லை. என் மனைவி அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். கேலிக்குத்தான்.

உள்ளூர்க் கூகை வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளிச்செடியோ உங்கள் ஏட்டில் தெய்வமாகிவிடுகிறது. ராத்திரி பூக்கும் நிஷாகந்தியைத்தான் சொல்கிறேன். 'ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மலரும் பிரம்ம கமலம், பொதுமக்கள் கற்பூரம் ஏற்றி வழிபாடு.' பிரம்ம கமலம் இமயமலை உயரத்தில் வளர்கிற வேறு செடி, உத்தரகாண்டின் மாநில மலர். இந்தக் கள்ளி எங்கள் தெருவில் தொட்டிக்குத் தொட்டி இருக்கிறது, நன்றாகப் பராமரித்தால் ஒரே ஆண்டில் பலமுறை பூக்கும். குறிஞ்சியும் அப்படித்தான். நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் மலையில் எந்தக் குறிஞ்சி இனம் பூத்தாலும் '12 ஆண்டுகளுக்கு ஒருமுறை' என்று தலைப்புத் தயாராக இருக்கிறது. உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 வந்தால் செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியைக் கொன்றுவிட்ட செய்தி வரும். அதைப் படிக்கும்போதே எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்கு மேல் குருவி வைக்கோல் சேர்த்துக்கொண்டிருக்கும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடியவை இவை. பாம்பு விஷயம் அப்படியில்லை. மழைக்காலத்தில் ஒரு படம் போட்டீர்கள், வாலிபர்கள் கம்பில் தொங்கவிட்ட செத்த பாம்பு, 'கொடிய விஷமுள்ள கட்டுவிரியன்' என்று. அது சுவரேறிப் பல்லி பிடிக்கும் வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. அதற்குக் கழுத்தருகே பட்டைகள் பளிச்சென்று தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு, தலைப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, பின்னால் போகப் போகத் தெளியும். இந்த இரண்டு வரியைப் படத்தோடு போட்டிருந்தால் மாவட்டம் முழுக்கப் படித்திருக்கும். தரையில் பாய் போட்டுப் படுக்கிற ஊர் இது. கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் பல பேருக்கு வலிகூடத் தெரியாது.

சரி, நிஜமாகவே செய்தியாக வேண்டிய பறவை ஒன்றைச் சொல்கிறேன். பனங்காடை. வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பியை அண்ணாந்து பார்த்தபடியே வரப்பில் நடந்தவன் நான். இரண்டு போஸ்ட்டுக்கு ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கையில் மங்கலாகத் தெரியும், பூச்சியைப் பார்த்துக் கீழே பாயும்போதுதான் இறக்கையில் அந்த நீலம் விரியும். இப்போது அதே லைனில் சைக்கிளில் போனால் கம்பி வெறுமையாகக் கிடக்கிறது. என் கண்ணை நம்ப வேண்டாம். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று 2023-ல் வந்த அறிக்கையைப் பாருங்கள். 942 வகைப் பறவைகளைப் பற்றிய கணக்கு, பனங்காடை குறைந்து வருவதும் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் போட்டார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஆசாமிகள்தான்.

அந்தப் பொழுதுபோக்குக்குக் கிடைக்கும் மரியாதையும் தாங்கள் அறிந்ததே. ஏரிக்கரையில் பைனாகுலரைத் தூக்கினால் ஆடு மேய்ப்பவர், 'சர்வேயா சார், பைபாஸ் வருதா?' என்கிறார். ஒருமுறை போலீஸ்காரர் என் நோட்டை வாங்கி 'உள்ளான் 12, தெரியவில்லை 3' என்பதைப் படித்துவிட்டு, தெரியாத அந்த 3 பேர் யார் என்று கேட்டார். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய் அழைத்தோம். ஜல்லிக்கட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஈபேர்டில் நாங்கள் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பதிந்தால் உடனே கேள்வி வரும். படம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு, எந்தக் கரையில், வேறு பறவையாக இருக்க வாய்ப்பில்லையா என்று முகம் தெரியாத ஒருவர் கேட்பார். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நான் வைத்த பெயரை இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறும். காசு வாங்காத எங்களுக்கே இவ்வளவு கெடுபிடி. காசு வாங்கும் ஏட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வேண்டாமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விலங்கு, பறவை, பூ எதன் படத்தைப் போட்டாலும் கீழே எடுத்த தேதியையும் ஊரையும் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே போடுங்கள், அதில் கௌரவக் குறைவு இல்லை. திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அதே மாவட்டப் பக்கத்தில், வரி விளம்பரங்களுக்கு நடுவே போகாமல் வரட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிரசுரிக்கவே வேண்டாம். என் கைபேசி எண்ணைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அது தங்கள் நிருபருக்கு. காலை ஒன்பது மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். அதற்கு முன்பு ஏரிக்கரையில் இருப்பேன், அங்கே சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருவாரூர் மாவட்டம்