துண்டு நேரத்துக் கைவேலை

உவர்மலை,
திருகோணமலை.

என் அன்புத் தோழிக்கு,

நலம்தானே? இங்கு எல்லோரும் சுகம். உன் குரல்பதிவை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டேன். பாதியில் உன் பின்னால் யாரோ குக்கர் விசில் அடிக்கவிட்டதும் சேர்ந்து கேட்டது. "உனக்கு மட்டும் எங்கேயடி நேரம் கிடைக்கிறது?" என்று கேட்டாயே, அதற்கு வட்ஸ்அப்பில் பேசிப் பதில் சொல்ல எனக்கு வராது. பேசத் தொடங்கினால் உடனே யாராவது கோப்போடு வந்து நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

வீட்டுச் செய்தி முதலில். மூத்தவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறானோ இல்லையோ, டியூஷனுக்கு மட்டும் தவறாமல் போகிறான். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மழை தொடங்கியதும் மாமிக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. இவருக்குச் சீனக்குடாவில் அதே ஷிப்ட் வேலைதான். இரவு ஷிப்ட் வந்தால் பகலில் வீட்டில் ஒரு கரண்டி விழக்கூடாது. மழை என்றால் அப்படியொரு மழை. பஸ் நிலையப் பக்கத்து மான்களெல்லாம் கடை வாசல்களில் ஒதுங்கி நின்று, போகிற வருகிறவர்களை முறைத்துப் பார்க்கின்றன.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கும் நேரம் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் துண்டுகள்தான். பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், சோறு வேகிற நேரம், வங்கியில் என் இலக்கத்தைக் கூப்பிடும்வரை இருக்கிற நேரம், டியூஷன் வாசலில் மகனுக்காகக் காத்திருக்கிற நேரம். இவற்றை எவ்வளவு கூட்டினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. அதனால் எதைச் செய்ய ஆசை என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். கையில் இருக்கிற துண்டுக்குள் எந்த வேலை அடங்கும் என்றுதான் பார்க்கிறேன். ஒரே சமயத்தில் இத்தனை வேலையை ஏன் தொடங்கி வைத்திருக்கிறாய் என்று இவர் கேட்பார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு நேரத்துக்கு என்று சொன்னால் சிரிக்கிறார்.

ஒற்றைக் கொக்கியால் பின்னுகிற குரோஷே எந்தத் துண்டுக்குள்ளும் அடங்கும். வரிசையின் நடுவில் பஸ் வந்துவிட்டால், கொக்கியில் நிற்கிற கண்ணியைச் சற்று இழுத்துப் பெரிதாக்கி அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் முடிந்தது. அதில் பிடித்து வைக்க வேண்டியது அந்த ஒரு கண்ணியைத்தான். அது பத்திரமாக இருந்தால் மற்றது அவிழாது. இரட்டை ஊசிப் பின்னல் அப்படியில்லை. வரிசை முழுவதும் ஊசியில் தொங்கும். நெரிசலில் ஊசி உருவுப்பட்டால் எல்லாம் போச்சு. அதோடு இந்த ஊர் வெயிலுக்கு யார் ஸ்வெட்டர் போடப்போகிறார்கள்? இப்போது மாமியின் சாய்மனைக் கதிரைக்குத் தலைவிரிப்பு ஒன்று பின்னுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களும் கை வைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். ஒரு சிங்கள அம்மா என் கையிலிருந்து கொக்கியை வாங்கி, எனக்குத் தெரியாத ஓர் ஓரத்தைப் போட்டுக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

எம்பிராய்டரிக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். நூலைப் பிரிப்பதிலேயே கொஞ்சம் போய்விடும். ஒரு சிட்டம், அதாவது ஒரு நூற்கட்டு, 8 மீற்றர், அதில் 6 இழை. பூவுக்கு 2, தண்டுக்கு 3 என்று பிரித்தெடுக்க வேண்டும். எல்லா இழையையும் ஒன்றாக இழுத்தால் சிக்கும். ஓர் இழையை மட்டும் மேலே உருவி, பிறகு அடுத்ததை உருவினால் வழுக்கிக்கொண்டு வரும். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதே, முடிச்சு விழும். கடற்காற்றில் ஊசி துருப்பிடிப்பது இன்னொரு தலைவலி. துரு ஏறிய ஊசி வெள்ளைத் துணியில் ஒரு பழுப்புப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் போகும். மெஷின் எண்ணெய் இலேசாகத் தொட்ட பிளானல் துணியில் குத்தி, அதைச் சுருட்டி ஒரு தகர டப்பாவுக்குள் வைக்கிறேன். தைக்கும் முன் பழைய துணியில் இரண்டு தரம் குத்தி எடுத்தால் எண்ணெய் போய்விடும். மட்டக்களப்பிலும் உனக்கு அதே உப்புக்காற்றுதானே, செய்து பார்.

என் நேரத்துக்குள் எப்படியும் அடங்காத வேலை பனையோலைப் பெட்டி இழைப்பதுதான். சம்பூர்ப் பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். 2006இல் போரில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்தவர். 2015க்குப் பிறகு காணிகள் விடுபட்டதும் திரும்பிப் போய்க் குடியிருக்கிறார். முகாமில் ஓலை கிடைக்கவில்லை என்று, நிவாரணப் பெட்டிகளில் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டியை எடுத்துச் சேர்த்துப் பெட்டி இழைத்த மனுஷி. அதில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் வெங்காயப் பெட்டியாக இருக்கிறது, ஒரு மூலை கூட விடவில்லை. போன முறை போனபோது பக்கத்தில் இருத்தி எனக்குப் பழக்கினார். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை எடுத்து, எல்லாம் ஒரே அகலக் கீற்றுகளாக வார வேண்டும். கத்தியைப் பார்க்காதே, ஓலை நுனியைப் பார் என்பார். நடு அடியிலிருந்து இழைத்துக்கொண்டு போய் மூலை திருப்புகிற இடத்தில்தான் கை நடுங்கும். அங்கே ஓர் ஓலை தளர்ந்தால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரியம்மா கதைத்துக்கொண்டே திருப்பிவிடுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவேன்.

இதில் சிக்கல் என்னவென்றால் ஓலைக்குப் பதம் உண்டு. ஈரத்துணியில் சுற்றிப் பதமாக வைத்த ஓலையை எடுத்தால் அந்த இருப்பிலேயே இழைத்துவிட வேண்டும். தொலைபேசி வந்து நீ எழும்பிப்போனால் அது காய்ந்து, வளைக்கிற இடத்தில் முறியும். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது சொல்லவே வேண்டாம். அதனால் பெரியம்மா விடியப்புறத்தில் பனி இருக்கும்போதே இழைப்பார். இப்படி மாரியில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஓலை சொன்னபடி கேட்கும். ஆனால் இழைத்து முடித்ததைச் சரியாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆக, இழைக்க நல்ல காலம் இதுதான், எனக்கு மூச்சுவிட நேரமில்லாத காலமும் இதுதான்.

கந்தோரில் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 31க்குள் அந்த வருட ஒதுக்கீட்டைச் செலவழித்துக் கணக்கை முடிக்க வேண்டும். மிஞ்சிய காசு அடுத்த வருடத்துக்கு வராது. அதனால் பத்து மாதம் நித்திரை கொண்ட கோப்புகளெல்லாம் இந்த இரண்டு மாதத்தில் எழும்பி வரும். வவுச்சரில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். பிறகு கணக்காய்வுக்காரர் கேள்வி. வீட்டுக்கு வந்தாலும் கண்ணுக்குள் எண்கள்தான் ஓடும். அப்படியான இரவுகளில் குரோஷேயில் கண்ணி எண்ணுவதுகூடப் பிடிப்பதில்லை; எண்ணத் தேவையில்லாத நேர் வரிசையைத்தான் பின்னுகிறேன்.

இதற்குள் கந்தோரில் நவராத்திரிக்கு வைக்கிற வாணி விழா வேறு வந்து போனது. கைவேலை தெரியும் என்று ஒருமுறை காட்டிவிட்டால் அவ்வளவுதான். மேடை அலங்காரம், காகிதப் பூ, கும்பத்துக்குப் பட்டு எல்லாம் "உங்களுக்குத்தானே வடிவாகச் செய்யத் தெரியும்" என்று என் மேசைக்கு வந்துவிடும். செய்தவளுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு பிடி அவலும் கடலையும். கிண்ணியாவிலிருந்து வருகிற ராத்தா மட்டும் தானாக வந்து என்னோடு இருந்து பூ வெட்டித் தந்தார். அவருடைய உம்மா பன் என்கிற கோரைப் புல்லில் பாய் இழைப்பாராம். பன்னுக்குச் சாயம் ஏற்ற அவிக்கிற பக்குவத்தை அன்றைக்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஓலைக்கும் அப்படித்தான், கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

இனி உன் மற்றக் கேள்வி. தைப்பொங்கலுக்கு வரும்போது என்ன வாங்கி வர என்று கேட்டாய். உள்ளதைச் சொன்னால், என் ஆசைப் பட்டியல் நீளம். முதலில் இருப்பது ஓவர்லொக் மெஷின். மூன்று நான்கு நூலில் ஓரத்தைக் கட்டி, பிசிறைத் தன் கத்தியாலேயே வெட்டிவிட்டுப் போகுமே, அது. இணையக் கடைக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், அவ்வப்போது திறந்து பார்ப்பேன், மூடுவேன். அதை வாங்கினால் தைக்க நேரமும் சேர்ந்து வந்துவிடும் என்று மனம் சொல்கிறது. மெஷின் வாங்கினால் மெஷின்தான் வரும். மெஷின் வேலைக்கு ஒரு முழு ஞாயிறு வேண்டும், என் ஞாயிறு சந்தையிலும் சலவையிலும் போய்விடுகிறது. சின்னவளின் சட்டை வெட்டியபடியே கிடக்கிறது; அவள் வளருகிற வேகத்துக்கு இன்னும் தள்ளினால் பொம்மைக்குத்தான் போடலாம்.

அம்மாவின் பழைய சிங்கர் கால்மெஷின் இன்னும் ஓடுகிறது. அந்தக் கம்பனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதாம். ஊரில் எத்தனை பெண்கள் தவணை கட்டி அதை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கரண்ட் போனாலும் அதற்குக் கவலையில்லை. மாரியில் தோல்வார் மட்டும் தளர்ந்து சக்கரத்தில் வழுக்கும். ஓர் அங்குலம் வெட்டிக் கம்பியைத் திரும்பக் கொழுவினால் சரி. புதியதுக்கு ஆசைப்படும்போதெல்லாம் அதன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

நூல் விஷயத்தில்தான் எனக்குக் கட்டுப்பாடே இல்லை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 வரை போனதே, அந்தக் காலத்தில் இங்கே நூல்கடைக்குப் போனால் வெள்ளையும் கறுப்பும்தான் இருக்கும். பெற்றோல் வரிசையில் நின்ற மக்களுக்கு நடுவில் ரோஸ் நிற நூல் இல்லையே என்று கவலைப்படவும் கூச்சமாக இருந்தது. அதன் பிறகு நல்ல நிறம் ஒன்றைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது. அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நூல்தான். இவர் அதைத் திறக்காமல் இருக்க, மேலே பழைய பாடசாலைக் கொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் துணி, நூல் கடைகளுக்கு இரவு ரயில் ஏறிப் போய் வர வேண்டும் என்ற ஆசையையும் இந்தக் கீழ்த்தட்டைப் பார்த்துத்தான் அடக்கிக்கொள்கிறேன்.

ஆகவே நூல் வேண்டாம், கொக்கி வேண்டாம், புத்தகமும் வேண்டாம். நீ மருதமுனைப் பக்கம் போவாய் அல்லவா, அங்கே கைத்தறிக்காரரிடம் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகள் இருந்தால் வாங்கி வா. உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். அம்மாவின் பழைய வொயில் சேலைகளை அடியில் வைத்து, மேலே இந்தத் துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தைக்கலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு சதுரமாகக் கையால் தைக்கிற வேலை. ஒரு சதுரம் ஒரு டியூஷன் நேரத்துக்குள் முடியும். கடும் சிவப்பும் நீலமும் இருந்தால் தனியாக ஊறவைத்துப் பார்த்துவிட்டு எடு. தண்ணீர் நிறம் மாறினால் பக்கத்து வெள்ளைத் துண்டும் கெட்டுவிடும். கைத்தறி முதல் அலசலில் சுருங்கும் என்பதால் நான் எப்படியும் அலசிய பிறகுதான் வெட்டுவேன்.

உன் மகள் மாலை கோக்கச் சிப்பியும் முருகைக்கல்லும் (பவளக்கல்) கேட்டிருந்தாள். புறாத்தீவில் பொறுக்கித் தரும்படி சொன்னாளாம். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து எதுவும் எடுக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிவிடு. அவள் வரும்போது கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழிக்கடைகளில் மணி வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். அதற்கான நூல், கீழ்த்தட்டு தரும்.

பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிடு. கணக்கு முடிந்திருக்கும், நான் லீவு போட்டிருப்பேன். நீ ஊர் திரும்ப ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, ஒரு பகல் சம்பூருக்குப் போவோம். ஓலை வைத்திருக்கச் சொல்லிப் பெரியம்மாவுக்கு இப்போதே அறிவித்துவிட்டேன். பஸ் ஏறியதும் ஒரு அழைப்புக் கொடு.

அன்புடன்,
உன் திருமலைக்காரி

பி.கு.: உன் ஊசி பெரிதாகி நூல் துளையில் ஆடுகிறது என்றாயே. கை ஊசியில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிதாகும், மாறி நினைக்காதே. 2 இழைக்கு 8ஆம் இலக்கம் கேட்டு வாங்கு.