சனிக்கிழமை நடை: ரோச்சிலிருந்து ஹூம் வரை

நண்பர்களே, சனிக்கிழமை காலை 8 மணிக்கு ரோச் ஊருக்கு வெளியே முதல் சிற்பத்தடியில் கூடுவோம். கிளகோலிதிக் எழுத்தின் 'ஸ்' வடிவத்தில் நிற்கும் தூண் அது.

9ஆம் நூற்றாண்டில் சிரில் என்ற கிறித்தவத் துறவி ஸ்லாவ் மக்களுக்காக உருவாக்கிய எழுத்து இது. குரோவாசியாவின் இஸ்திரியாவில் பாதிரியார்கள் அதைப் பல நூறு ஆண்டுகள் விடாமல் காத்தார்கள். அந்த நினைவுக்காகத்தான் 1977 முதல் 1985 வரை இந்த 7 கிலோமீட்டர் சாலையோரம் 11 சிற்பங்கள் எழுந்தன. சிற்பி ஷெலிமிர் யானெஷ்.

வழியில் சிரில், அவர் அண்ணன் மெத்தோடியஸ் இருவர் பெயரிலான கல்மேசையருகே சற்று இளைப்பாறலாம். அப்புறம், ஹூம் ஊரின் செப்புக் கதவை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒன்றாக 12 வட்டங்களில் உழவர் வேலைகள் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சாலையில் கார் வரும், ஓரமாக நடப்போம். தண்ணீர் எடுத்து வாருங்கள். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போட்டுவிடுங்கள்.