ரேசிங் விக்டோரியாவுக்கு: 2009இல் எடுத்த முடிவை மறுபடி எடுங்கள்

விக்டோரியா மாநிலக் குதிரைப் பந்தயங்களை மேற்பார்வையிடும் ரேசிங் விக்டோரியா நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. மெல்போர்ன் கப் அன்றைக்கு ஆபீஸில் எல்லோரோடும் சேர்ந்து சீட்டு எடுக்கிற ஆள்தான் நானும். நான் கேட்பது ஒன்றுதான்: 2009இல் நீங்களே அறிவித்தபடி, குதிரைகள் வேலி போன்ற தடைகளைத் தாண்டி ஓடும் தடைப் பந்தயத்தை மட்டும் நிறுத்துங்கள்.

1752இல் அயர்லாந்தில், கார்க் பக்கம், இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரைல் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து வேலி, வாய்க்கால், மதில் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் தாண்டிக் குதிரை விட்டார்கள் என்பார்கள். நரி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட குதிரைதான் வேண்டியிருந்தது. அதில் எது உசத்தி என்ற போட்டி பந்தயமாகி, குடியேறியவர்களோடு கப்பலேறி இங்கே ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது. நம் மாநிலத்து வார்ணம்பூல் ஊரில் கிராண்ட் ஆனுவல் என்ற தடைப் பந்தயம் 1872இலிருந்து நடக்கிறது. வேலி தாண்டும் வேட்டைக் குதிரை இன்று யாருக்குத் தேவை?

அதனால் இப்போது வேறு காரணம் சொல்கிறார்கள்: தடையில்லாத சமதளப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாத குதிரைக்கு இது இரண்டாவது வாழ்வாம். நல்ல வாழ்வுதான் போங்கள்! விக்டோரியாவில் 1989 முதல் 2004 வரையிலான பந்தயங்களை எடுத்துப் பார்த்த ஆய்வில், ஆயிரம் முறை களமிறங்கினால் சமதளப் பந்தயத்தில் 0.44 சாவு, தடைப் பந்தயத்தில் 8.3 என்று வந்தது. கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு.

ஏன் என்று புரிந்துகொள்ளக் கால்நடை மருத்துவராக இருக்கவேண்டியதில்லை. கிராண்ட் ஆனுவல் சுமார் 5500 மீட்டர், 33 தடைகள், முதுகில் அறுபது கிலோவுக்கு மேல் பாரம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால், எழும்பும் கணத்தில் காலடியில் இருக்கும் தடையே அதற்குத் தெரியாது. அதற்கு முந்தின அடிகளில் பார்த்ததை வைத்துத்தான் தாண்டுகிறது. களைத்துப்போன கட்டத்தில் முன்னங்கால் கொஞ்சம் தட்டினாலும் அரை டன் உடம்பு அத்தனை வேகத்தோடு தலைகுப்புறப் போகும். கால் முறிந்தால் நம்மைப் போல மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க அதனால் முடியாது, பாரம் முழுக்க மற்ற கால்களில் இறங்கிக் குளம்புகளும் கெடும். அதனால்தான் பல நேரம் சிகிச்சைக்குப் பதில், கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்துக் குதிரையைக் கருணைக்கொலை செய்யப் பச்சைத் திரை வருகிறது.

தடைகளை மாற்றினீர்கள், தகுதிச் சோதனைகளைக் கடுமையாக்கினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேகம், உயரம், களைப்பு மூன்றும் சேர்ந்ததுதான் இந்த ஆட்டமே, அதில் எதைக் கழிப்பீர்கள்? பார்க்க வந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை. 2011இல் வார்ணம்பூலில் பானா ஸ்ட்ராண்ட் என்ற குதிரை, ஜாக்கி விழுந்தபின், வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள்ளேயே குதித்தது, ஆட்களுக்கு அடிபட்டது.

தடைப் பந்தயத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் குழு 1991லேயே பரிந்துரைத்தது. நியூ சவுத் வேல்ஸ் 1997இல் தடை செய்தது. 2009இல் நீங்களே 2010 சீசனோடு முடிகிறது என்று அறிவித்தீர்கள், அப்புறம் மனதை மாற்றிக்கொண்டீர்கள். தென் ஆஸ்திரேலியாவும் 2021இல் விட்டுவிட்டது, இப்போது நாட்டிலேயே மிச்சம் நம் மாநிலம்தான்.

வார்ணம்பூல் ஊருக்கு, கிராண்ட் ஆனுவல் நடக்கும் அந்த மே மாத மூன்று நாள் பந்தய விழாவின் வருமானம் முக்கியம், எனக்கும் தெரியும். விழா நடக்கட்டும், சமதளப் பந்தயங்கள் அங்கே ஏற்கெனவே ஓடுகின்றன, பரிசுப் பணத்தை அதற்குத் திருப்பிவிடுங்கள். பயிற்சியாளர்களுக்கு இரண்டு மூன்று வருட அவகாசம் கொடுங்கள். இரண்டாவது வாழ்வுக்கு உங்களிடமே 'ஆஃப் தி ட்ராக்' திட்டம் இருக்கிறது, ஓய்வுபெற்ற குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கி வீடு தேடித் தருகிற அந்த வேலைக்குக் கூடுதல் பணம் ஒதுக்கலாமே.

அடுத்த மே விழாவுக்கு முன்னால், தடைப் பந்தயத்தின் கடைசி சீசன் எது என்று ஆண்டைப் போட்டு அறிவியுங்கள். 2010 மாதிரி மறுபடி பின்வாங்க இடமில்லாமல், அதைச் சட்டமாக்கச் சொல்லி மாநில அரசிடம் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மெல்போர்னிலிருந்து ஒரு பந்தய ரசிகன்